எட்டில் ஒன்று ‘டிக்’: 627 வைத்திருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

#1 கேட்டி_குமரன் (டெக்சஸ்)

வணக்கம். நாலு வருடமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன், இப்போதுதான் முதல் இழை தொடங்குகிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு ஸ்மித் அண்ட் வெஸன் 627 ரிவால்வர் வாங்கினேன். 5 அங்குலக் குழல், எட்டுத் தோட்டா, .357 மேக்னம். புதிது இல்லை, ஒருவர் கை மாறி வந்தது. கடைக்காரர் பெட்டியைத் திறந்ததுமே மனசு போய்விட்டது. கையில் எடுத்தால் ஒன்றேகால் கிலோ. எங்கள் வீட்டு இட்லிச் சட்டி மூடியைவிடக் கனம்.

சுடுவதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 158 கிரெய்ன் (குண்டின் எடை) மேக்னம் போட்டாலும் உதைப்பு கையைத் தள்ளுகிறது, அடிப்பதில்லை. .38 ஸ்பெஷல் போட்டால் பொம்மை மாதிரி. ஆனால் இரண்டு சிலிண்டருக்கு (தோட்டாக்கள் உட்காரும் உருளை) ஒரு தடவை, எட்டில் ஒன்று ‘டிக்’ என்று மட்டும் சொல்கிறது. வெடிப்பதில்லை. அதையே திரும்பச் சுற்றிக்கொண்டு வந்து விசையை இழுத்தால் பெரும்பாலும் வெடித்துவிடுகிறது. வெவ்வேறு இரண்டு கம்பெனித் தோட்டாக்களிலும் இதே கதை.

ரிட்டர்ன் கிடையாது என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி கெட்டதா, தோட்டா கெட்டதா, நான் கெட்டவனா? கூடவே, எட்டுக் குண்டு ரிவால்வர் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

#2 பழைய_இரும்பு (பென்சில்வேனியா)

தம்பி, முதலில் மூன்று கேள்வி.

ஹேமரைக் (பின்னால் இருக்கிற சின்னச் சுத்தியலை) கட்டைவிரலால் பின்னால் இழுத்து வைத்துச் சுடும்போதும் ‘டிக்’ வருகிறதா, இல்லை விசையை முழுசாக இழுத்துச் சுடும்போது மட்டுமா? மூன் கிளிப் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கிற தகடு) போட்டா, போடாமலா? வெடிக்காத தோட்டாவின் ப்ரைமரில் (அடியில் நடுவே இருக்கிற, அடி பட்டதும் பற்றுகிற பொட்டு) குழி எப்படி இருக்கிறது?

அதுவரை ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘டிக்’ என்றதும் சிலிண்டரைத் திறக்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி எண்ணுங்கள். தாமதமாக வெடிக்கிற தோட்டா அபூர்வம்தான். ஆனால் முகத்துக்கு நேரே அந்த அபூர்வம் வேண்டாம். ‘டுப்’ என்று சத்தம் குறைவாக வந்தால் இன்னும் மோசம். குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம், அடுத்ததைச் சுடவே கூடாது.

#3 நியூஜெர்சி_நாகு

கடைக்குப் போனாராம், மனசு போய்விட்டதாம், வாங்கிவிட்டாராம். இங்கே ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு. என்னுடைய மனசு இன்னும் போலீஸ் ஸ்டேஷனில் ஃபைலில் இருக்கிறது.

#4 கேட்டி_குமரன்

அண்ணா, சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் நீங்கள் கேட்டதையெல்லாம் பார்த்தேன்.

ஹேமரை இழுத்து வைத்துச் சுட்டது 40. ஒன்றுகூடத் தவறவில்லை. விசையை முழுசாக இழுத்துச் சுட்டது 48. மூன்று ‘டிக்’. அதில் பாதியை மூன் கிளிப் போட்டும் பாதியைப் போடாமலும் சுட்டேன், இரண்டிலும் வந்தது. குழி நடுவில்தான் விழுகிறது, ஆனால் ஆழமில்லை. வெடித்த தோட்டாவின் கூட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. ஒன்று அம்மைத் தழும்பு, மற்றது கொசுக்கடி.

இன்னொன்று, இதன் விசை ரொம்ப லேசு. பக்கத்து லேனில் சுட்டுக்கொண்டிருந்தவர் இழுத்துப் பார்த்துவிட்டு, “யாரோ நல்லா வேலை பார்த்திருக்காங்க” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

#5 பழைய_இரும்பு

அந்தப் பெருமைதான் தம்பி உங்கள் வியாதி.

விசையை முழுசாக இழுக்கும்போது ஹேமர் கடைசி வரை பின்னால் போவதில்லை, கொஞ்சம் முன்னாலேயே விடுபட்டு விழுந்துவிடுகிறது. கட்டைவிரலால் இழுத்து வைத்தால் அதைவிடக் கொஞ்சம் பின்னாலிருந்து விழும், அடியும் பலமாக இருக்கும். அதில் நாற்பதுக்கு நாற்பது, இதில் நாற்பத்தெட்டுக்கு மூன்று போச்சு என்றால், ஹேமருக்குப் பலம் போதவில்லை என்று அர்த்தம். தோட்டா மேலும் பழி இல்லை, கிளிப் மேலும் பழி இல்லை.

கிரிப்பைக் கழற்றுங்கள். கைப்பிடிச் சட்டத்தின் முன்பக்கம், கீழே, ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஸ்ட்ரெயின் ஸ்க்ரூ என்பார்கள். ஹேமரைத் தள்ளுகிற தட்டை வில்லை (ஸ்பிரிங்கை) அதுதான் அழுத்திப் பிடித்து வளைக்கிறது. அது முழுசாக முடுக்கியிருக்க வேண்டும். விசை லேசாக வேண்டும் என்று அதை ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று தளர்த்திவிடுகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் ஸ்க்ரூவின் நுனியையே அரத்தால் ராவிவிடுவார்கள். கேட்டால் ‘ட்ரிக்கர் ஜாப்’ என்பார்கள். முந்தைய சொந்தக்காரர் அந்த ஜாதி என்று நினைக்கிறேன்.

துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, அளவு சரியான ஸ்க்ரூடிரைவர் எடுத்து முடுக்குங்கள். வீட்டு டிராயரில் கிடக்கிற ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ஸ்க்ரூத் தலை சிதைந்துவிடும். முழுசாக முடுக்கியும் மாற்றம் இல்லை என்றால் ராவியிருக்கிறார்கள், புது ஸ்க்ரூ போடுங்கள். பெரிய செலவில்லை.

#6 ரேஞ்ச்_அக்கா (ஜார்ஜியா)

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. அதில் கொஞ்சம் சேர்க்கிறேன். ஆறு வருடமாக ரிவால்வர் போட்டிகளில் 627தான் சுடுகிறேன்.

போட்டிக்காரர்களும் வில்லை லேசாக்குவார்கள், நானும் லேசாக்கியிருக்கிறேன். ஆனால் நாங்கள் மென்மையான ப்ரைமரைத் தேடி வாங்கி, தோட்டாவை வீட்டில் நாங்களே கட்டி, ஒவ்வொரு ப்ரைமரும் கூட்டுக்குள் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வைக்கிறோம். அந்தப் பாடெல்லாம் படாமல் ஸ்க்ரூவை மட்டும் தளர்த்தினால் குமரன் கதைதான். கடையில் வாங்கும் எல்லாத் தோட்டாவும் வெடிக்க வேண்டும் என்றால் வில்லைத் தொடாதீர்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கிற ரிவால்வரில் கண்டிப்பாகத் தொடாதீர்கள்.

இப்போது மூன் கிளிப். எட்டுத் தோட்டாவையும் ஒன்றாகப் பிடிக்கிற மெல்லிய வட்டத் தகடு. இதன் பாட்டி முதல் உலகப் போர்க் காலத்து அரைநிலாக் கிளிப். 1917 ராணுவ ரிவால்வரில் விளிம்பில்லாத பிஸ்டல் தோட்டாவைப் போடுவதற்காக, மூன்று மூன்றாகப் பிடிக்கும்படி செய்தார்கள். 627இன் சிலிண்டர் முகத்தைக் கிளிப்புக்காகக் கடைந்திருக்கிறார்கள், ஆனால் .357க்கு விளிம்பு உண்டு என்பதால் கிளிப் இல்லாமலும் ஓடும். அது பெரிய வசதி.

ஆனால் அந்தத் தகடு வளைந்தால் போச்சு. கண்ணுக்குத் தெரியாத வளைவு போதும், சிலிண்டர் ஓரிடத்தில் உரசும், விசை திடீரென்று கனக்கும். உங்களுக்கு ‘ட்ரிக்கர் கெட்டுவிட்டது’ என்று தோன்றும். கட்டிய ஒவ்வொரு கிளிப்பையும் ரேஞ்சில் சிலிண்டருக்குள் போட்டு மூடி, உரசாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பேன். தயங்கினால் அந்தக் கிளிப் குப்பைக்கு. நிமிர்த்திப் பார்க்கிற ஆசையே வேண்டாம். தோட்டாவைக் கையால் பிய்த்து எடுக்கும்போதுதான் பாதிக் கிளிப் வளைகிறது, ஆகவே கழற்றுகிற கருவி ஒன்று வாங்குங்கள். கூடு எந்தக் கம்பெனி என்பதையும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கூட்டின் காடி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். ஒரு கூட்டுக்குச் சிக்கென்று பிடிக்கிற கிளிப், இன்னொன்றில் தொளதொள என்று ஆடும்.

எட்டுக் குண்டுக்கு இந்த மவுசு வந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் போட்டி அமைப்பான யூஎஸ்பிஎஸ்ஏ 2014இல் ரிவால்வர் பிரிவில் மைனர் (பலம் குறைந்த தோட்டா) கணக்கில் எட்டுத் தோட்டாவை அனுமதித்தது. மைனருக்கு பவர் ஃபேக்டர் 125 வேண்டும். குண்டின் கிரெய்ன் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கிற கணக்கு அது. 160 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 800 அடியில் போனால் 128, தேறிவிடும். அதற்காக நாங்கள் .38 ஷார்ட் கோல்ட் என்கிற குட்டைக் கூட்டைப் பயன்படுத்துகிறோம். கூடு குட்டையாக இருந்தால் கிளிப் சட்டென்று உள்ளே விழும், சுட்டதும் சட்டென்று வெளியே வரும். மேக்னம் ரிவால்வரை வாங்கிவிட்டு மேக்னமே சுடுவதில்லை என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ரிவால்வர் சுடுவதில் பேர்போன ஜெர்ரி மிக்குலெக் 1999இல் எட்டுக் குண்டு ரிவால்வரில் ஒரே இலக்கில் எட்டையும் சுட்டது 1.00 விநாடியில். எனக்கு எட்டைச் சுட எவ்வளவு நேரம் ஆகிறது என்று யாரும் கேட்கக் கூடாது.

#7 பிளேனோ_பிரபு (டெக்சஸ்)

எல்லாரும் அடிக்க வருவீர்கள், இருந்தாலும் கேட்கிறேன். ஒன்றேகால் கிலோ இரும்பு, எட்டுத் தோட்டா. அதில் பாதி எடைக்கு பிளாஸ்டிக் சட்டப் பிஸ்டல் ஒன்று பதினைந்து கொள்ளும். ஸ்க்ரூ, கிளிப், கூட்டின் காடி என்று எந்தப் பஞ்சாங்கமும் பார்க்க வேண்டாம். இதை எதற்கு வாங்குகிறீர்கள்?

நானும் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். வேறொரு கம்பெனியின் எட்டுக் குண்டு, பெயர் வேண்டாம். இரண்டே மாதத்தில் சிலிண்டர் குழலுக்கு நேராக வந்து நிற்காமல் போனது. சுடும்போது பக்கத்தில் நின்றவர் கன்னத்தில் ஈயத் துணுக்கு தெறித்தது. நல்லவேளை கண்ணாடி போட்டிருந்தார். ரிப்பேருக்கு அனுப்பினேன், பத்து வாரம் கழித்து வந்தது, வந்த வாரமே விற்றுவிட்டேன்.

#8 பழைய_இரும்பு

பிரபு, நியாயமான கேள்விதான். வேட்டிக்கு ஜிப் வைத்தால் வசதிதான், ஆனாலும் யாரும் வைப்பதில்லையே. அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதன் பரம்பரை பிடிக்கும். 1935இல் .357 மேக்னம் வந்தபோது அந்தப் பெரிய சட்டத்தில்தான் வந்தது. என்-ஃப்ரேம் என்கிறோமே, அதுதான். ஒவ்வொன்றையும் வாங்குகிறவர் கேட்டபடி செய்து, பதிவுச் சான்றிதழும் கொடுத்தார்கள். முதல் துப்பாக்கி எஃப்பிஐ தலைவர் எட்கர் ஹூவருக்குப் போனது. 1957இல் பெயர்களை எண்ணாக்கியபோது அது மாடல் 27 ஆனது. துருப்பிடிக்காத எஃகில் செய்தபோது முன்னால் ஒரு 6 சேர்ந்து 627. அதே சிலிண்டரில் ஆறுக்குப் பதிலாக எட்டுத் துளை போட்டது பிற்பாடு, தொண்ணூறுகளில். ஆறு துளைக்கு 60 பாகை திரும்ப வேண்டும், எட்டுக்கு 45 போதும்.

ஒரு சின்ன விஷயம் கவனித்திருக்கிறீர்களா? துளை எண்ணிக்கை இரட்டைப் படை என்றால், ஸ்மித் ரிவால்வர்களில் சிலிண்டரை நிறுத்துகிற காடி ஏதாவது ஒரு துளையின் முதுகில்தான் விழும். அங்கே சுவர் மெலிந்துபோகும். ஐந்து, ஏழு என்றால் இரண்டு துளைக்கு நடுவே கெட்டியான இடத்தில் விழும். அதனால்தான் ஏழு குண்டு 686 பிளஸ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் மிதப்பாகப் பேசுவார்கள். 627இன் சிலிண்டர் பருமன் அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆனாலும் கைக்கு வந்தபடி மருந்தடைத்துச் சுடுகிறவர்கள் அந்த இடத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

#9 ஸ்கார்பரோ_சிவா (கனடா)

உங்கட கதைகளை வாசிக்கச் சந்தோசமாகவும் எரிச்சலாகவும் இருக்கிறது. என்னிடமும் 627 இருக்கிறது, 2018இல் வாங்கினது, 5 அங்குலம். 4 அங்குலம் இங்கே வாங்க ஏலாது. குழல் 105 மில்லிமீற்றர் அல்லது அதுக்குக் குறைய இருந்தால் தடை. 4 அங்குலம் 101.6. மூன்றரை மில்லிமீற்றரால் ஒரு துவக்கு குற்றவாளி ஆகிவிட்டது.

2022 ஒக்டோபர் 21இலிருந்து கைத்துவக்கு விற்கவும் ஏலாது, வாங்கவும் ஏலாது, சிலருக்கு மட்டும்தான் விலக்கு. இருக்கிறதை வைத்திருக்கலாம், அனுமதியோடு ரேஞ்சுக்குக் கொண்டுபோகலாம். என்ர மகனுக்கு இதில் பெரிய ஆசை. அவனுக்குக் கொடுக்கவும் வழியில்லை. ஆகவே நான் இதை ஒரு குழந்தைப்பிள்ளை மாதிரிப் பார்க்கிறேன், பழுதானால் இன்னொன்று இல்லை.

குமரன், ஒரு அனுபவம் சொல்லவேணும். ஒருநாள் சிலிண்டர் இறுகி, விசையே அசையவில்லை. பெரிய பழுது என்று பயந்துபோனேன். கடைசியில் பார்த்தால், கூடுகளைத் தள்ளுகிற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்து நாலைந்து மணி. பழைய பல் பிரஷ் எடுத்து ஒரு தேய், சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு குழலை வானத்தைப் பார்க்கப் பிடித்துத்தான் கூட்டைத் தள்ளுவது, அப்பதான் தூள் கீழே விழும். என்ர பையில் சுத்தம் செய்கிற எண்ணெய் இருக்கோ இல்லையோ, பல் பிரஷ் இருக்கும்.

#10 பிளேனோ_பிரபு

சிவா அண்ணாவின் பதிவைப் படித்த பிறகு வாயை மூடிக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி: 627இன் இடது பக்கத்தில் பாதுகாப்புப் பூட்டுக்கான அந்தச் சாவித் துளை யாரையும் உறுத்தவில்லையா?

#11 பழைய_இரும்பு

உறுத்தாமல் என்ன. 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸன் கிளின்டன் அரசோடு ஒப்பந்தம் போட்டது, பாதுகாப்புப் பூட்டும் அதில் ஒரு விஷயம். வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய்ப் புறக்கணித்தார்கள். 2001இல் பிரிட்டிஷ் முதலாளியான டாம்கின்ஸ், ஸ்மித் அண்ட் வெஸனை 1.5 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டது. வாங்கிய சேஃப்-டி-ஹேமர், பெயரைப் பார்த்தாலே தெரியுமே, பூட்டு விற்கிற கம்பெனி. அப்புறம் துளை வராமல் இருக்குமா. இப்போது சில மாடல்களைத் துளை இல்லாமல் மறுபடி விடுகிறார்கள், அதற்குத் தனி மவுசு.

என் கருத்து: அழகுக்குக் கேடு, மற்றபடி என்னுடையது தொந்தரவு கொடுத்ததில்லை. ஆனால் அந்தப் பூட்டை நம்பிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வெளியே வைக்காதீர்கள். பெட்டி வேண்டும், பெட்டிக்குப் பூட்டு வேண்டும்.

#12 புதியவன்_22

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் வந்து ஒரு வருடம் ஆகிறது, எச்1பி. ஆபீஸ் நண்பர் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார், எட்டுக் குண்டு சுட்டேன், தூக்கம் போய்விட்டது. டெக்சஸில் எல்லாம் ஈஸி என்கிறார்களே, நானும் வாங்கலாமா?

#13 ரேஞ்ச்_அக்கா

தம்பி, அவசரப்படாதீர்கள். டெக்சஸ் சட்டம் ஈஸி, கூட்டாட்சிச் சட்டம் ஈஸி இல்லை. எச்1பி மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. சில விலக்குகள் உண்டு. அதில் எல்லாரும் சொல்வது, செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ். கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள், அதில் இந்தக் கேள்வியே இருக்கும். தவறாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் துப்பாக்கியோடு விசாவும் போகும். ‘நண்பர் பெயரில் வாங்கி நான் வைத்துக்கொள்கிறேன்’ என்பது அதைவிடப் பெரிய குற்றம். கிரீன் கார்டு வந்தால் இந்தத் தடை இல்லை. அதற்கு முன்னால் ஆசை இருந்தால் துப்பாக்கிச் சட்டம், விசாச் சட்டம் இரண்டிலும் விவரம் தெரிந்த வக்கீலிடம் போங்கள், வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். இங்கேயும் என் பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள்.

#14 புதியவன்_22

நன்றி அக்கா. நண்பர் அந்த யோசனையைத்தான் சொன்னார். நல்லவேளை கேட்டேன்.

#15 கேட்டி_குமரன்

இரும்பு அண்ணா, உங்களுக்கு ஒரு ஃபில்டர் காபி கடன்.

கிரிப்பைக் கழற்றினேன். ஸ்க்ரூ இருந்த கோலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தலை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. முடுக்கியபோது கிட்டத்தட்ட இரண்டு சுற்று உள்ளே போனது. ராவவில்லை, நுனி முழுசாக இருக்கிறது.

முடுக்குவதற்கு முன்னால் யூடியூபில் பார்த்த ஒரு சோதனையையும் செய்தேன். சிலிண்டர் காலி என்று நான் மூன்று தடவை பார்த்தேன், மனைவியையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். கராஜில் குழலை மேலே நிமிர்த்தி, மகளின் புதுப் பென்சிலை ரப்பர் பக்கம் கீழாகக் குழலுக்குள் போட்டேன். காலித் துளை வழியாக இறங்கி, ஃபயரிங் பின் (ப்ரைமரைக் குத்துகிற ஊசி) இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தது. விசையை இழுத்தேன். பென்சில் சோம்பேறித்தனமாக எழுந்து, குழலைத் தாண்டி ஒரு முழம் போய்த் தரையில் விழுந்தது. ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு அதே பென்சில், அதே இடம். ‘சர்ர்’ என்று போய் கராஜ் கூரையில் கரிப்புள்ளி வைத்துவிட்டது. “பென்சில் எங்கே?” என்று மகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். முனை உடைந்த பென்சிலை என் டிராயரில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நேற்று ரேஞ்சில் 96 சுட்டேன், எல்லாம் விசையை முழுசாக இழுத்து. ஒரு ‘டிக்’கும் இல்லை. ஆனால் விசை கனத்துவிட்டது, அறுபதைத் தாண்டும்போது ஆள்காட்டி விரல் கெஞ்சுகிறது. பக்கத்து லேன்காரர் மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, “ஏன் கெடுத்துட்டீங்க?” என்றார்.

அக்கா சொன்னபடி கிளிப்புகளையும் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். பத்தில் மூன்று தயங்கின. முந்தையவர் இலவசமாகக் கொடுத்தவை. இப்போதுதான் புரிகிறது ஏன் கொடுத்தார் என்று.

#16 ரேஞ்ச்_அக்கா

மூன்றையும் இன்றே நசுக்கிக் குப்பையில் போடுங்கள். சும்மா போட்டால் அடுத்த வாரம் நீங்களே எடுத்துப் பையில் வைத்துக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். விரலுக்கு ஒரு வழி: வீட்டில் காலித் துப்பாக்கியில், சுவரைப் பார்த்து, தினம் ஐம்பது இழுவை. தோட்டா இன்னொரு அறையில் இருக்கட்டும். ஒரு மாதத்தில் அந்தக் கனம் மறந்துவிடும்.

#17 ஸ்கார்பரோ_சிவா

பென்சில் சோதனையை நானும் செய்து பார்த்தேன். கூரை தப்பியது, லைட்டு தப்பவில்லை.

#18 நியூஜெர்சி_நாகு

இழையைத் திசை திருப்புவதற்கு மன்னிக்கவும். இன்று மதியம் ஸ்டேஷனிலிருந்து போன். சீட்டு வந்துவிட்டது. 4 அங்குலமா, 5 அங்குலமா?

#19 பழைய_இரும்பு

5. முதலில் கிரிப்பைக் கழற்றிப் பாருங்கள்.